சவரிராயன் டப்பா

நடக்கும்போது வாயைத் திறக்கக்கூடாது என்று பியூலா சிஸ்டர் சொன்னது கோமதிநாயகத்துக்குப் பெரிய ஆறுதலாகப் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் சொல்வதுதான், ஆனால் இன்றைக்குத்தான் அந்த விதி தனக்காகவே போட்டது மாதிரி இருந்தது. ஆறு நிமிடம். வராந்தாவின் இந்தக் கோடியில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கூம்பு, அந்தக் கோடியில் ஐசியூவின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இன்னொரு மஞ்சள் கூம்பு. இதைச் சுற்றி அதற்கு, அதைச் சுற்றி இதற்கு, முடிந்தவரை வேகமாக, ஓடாமல், பேசாமல். எவ்வளவு தூரம் போகிறாரோ அவ்வளவு தூரத்துக்கு அவர் இருதயத்தில் வலு இருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிக்கொள்வார்கள். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கவ்வியை மாட்டும்போதுதான் அவள் அதைச் சொன்னாள். “அய்யா, ஒங்க கூட்டாளி விஷயம் தெரியுமா? சவரிராயன் அண்ணாச்சி. நேத்து சாயங்காலம் மூச்சு முட்டித் தூக்கிட்டு வந்தாவ. ஐசியூலதான் இருக்காவ.” அவர் கவ்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தான இருந்தாவ, போன தடவ இதே வராந்தாவுல ஒங்கள முந்திட்டுப் போனாவ. ஒரு மாசத்துல இப்படிச் சரிஞ்சிட்டாவ. யாருக்கு எதுன்னு எழுதி ஒட்டி வச்சிருக்க கவரைப் பிரிக்கச் சொல்லி டாக்டரு மேல கேட்டிருக்காரு. அவியளுக்குப் போனது மருந்தா மாவான்னு தெரியணும்லா? மாவுன்னா உடனே ஒரு ஊசி போட்டுத் தூக்கிரலாம். மருந்துன்னா அந்த ஊசி போடக்கூடாது, ரெண்டும் சேந்தா பிரஷர் படுத்துரும். இப்ப வந்துரும் பதில். சரி, ரெடியா? பேசக்கூடாது. நடங்க.” அவர் நடந்தார்.

தரையைத் துடைத்திருந்தார்கள். துடைத்திருந்தார்களாம். அழுக்குத் தண்ணீரில் முக்கின துடைப்பத்தை அழுக்குத் தண்ணீரிலேயே அலசி, ஓர் இடத்து அழுக்கை எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கு போட்டிருந்தார்கள். அதற்கு மேலே பினாயில் வாசனை, பிணத்துக்கு மாலை போட்ட மாதிரி. கோமதிநாயகத்துக்கு பினாயில் வாசனை என்றால் உத்தியோக வாசனை. நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். நாறிப்போன ஆட்டுக்கறியைப் பறிமுதல் செய்து, குழிக்குள் போட்டு, யாரும் தோண்டி எடுத்து விற்றுவிடாதபடி மேலே பினாயிலை ஊற்றச் சொல்லி, நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஓட்டல் அடுப்படிக்குள் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தால் கல்லாவில் இருப்பவன் எழுந்து நிற்பான். உளுந்தில் பூச்சி, சாம்பாரில் நேற்றைய சாம்பார், மஞ்சள்தூளில் சாயப்பொடி. பால்மானி எடுத்துக்கொண்டு வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த மனுசன் நாக்கிலேயே பால்மானி வைத்திருக்கிறார் என்று டீக்கடைக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவருக்கு உள்ளூர இனித்தது. கலப்படம் என்ற வார்த்தையை உச்சரிக்கும்போதே அவர் உதடு ஒரு பக்கம் கோணும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டார். உறவுக்காரர் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார். பையில் சொந்த டம்ளர் வைத்திருப்பார். மனைவி சிவகாமியிடம்கூடக் கையைக் கழுவினாயா என்று கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அவள் முதல் பத்து வருஷம் அழுதாள், பிறகு கழுவினேன் கழுவினேன் என்று கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு வர ஆரம்பித்தாள். இப்போது அந்த நாக்கு. அந்த நாக்கைப் பற்றி நினைக்கக்கூடாது. கூம்பு வந்துவிட்டது, திரும்ப வேண்டும், கூம்புக்கு அப்பால் நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பு.

பார்த்துவிட்டார். சவரிராயன் பெண்டாட்டி லூர்தம்மாள். மடியில் ஒரு துணிப்பை. அவரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள். பேசக்கூடாது என்பதால் அவர் தலையை மட்டும் ஆட்டினார், விதி விதிதான். முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. அதற்குள்ளே எந்தக் கட்டிலிலோ சவரிராயன் கிடக்கிறான். அவனுடைய கன்னம் நினைவுக்கு வந்தது. பாளையங்கோட்டையில் எந்தச் சவ ஊர்வலத்திலும், எந்தக் கோயில் சப்பரத்திலும், பேண்டு செட்டுக்கு முன்வரிசையில் அந்தக் கன்னம் உப்பிக்கொண்டு போகும். டிரம்பெட் வாசிப்பான். வாசித்து முடித்ததும் குழாயின் அடியில் இருக்கும் குமிழை அமுக்கி, உள்ளே தேங்கின எச்சிலைச் சொட்டுச் சொட்டாக ரோட்டில் வடிப்பான். கோமதிநாயகம் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அந்த ஆள் இந்த ஆஸ்பத்திரியின் பெஞ்சில், இத்தனை இடம் காலியாகக் கிடக்க, தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இன்ஸ்பெக்டரய்யா, ஒங்களுக்கும் மோட்டார் ரிப்பேரா?” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தபோது அந்த வாயின் சிவப்பைக் கண்டு இவர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். வெற்றிலை. டாக்டர் விடச் சொல்லியும் விடாத வெற்றிலை. சுண்ணாம்பை எடுத்த விரலைத் தூணில் தடவுவான், பெஞ்சில் தடவுவான், மிச்சம் இருந்தால் மாத்திரை டப்பாவின் மூடியில் தடவுவான். ஆனாலும் மாதா மாதம் ஒரே நாளில் இருவரையும் வரச் சொன்னார்கள், ஒரே பெஞ்சில் காக்க வைத்தார்கள். காத்திருக்கிற இடத்தில் மனுசனுக்கு மனுசன் வேண்டியிருக்கிறது, அது ஒரு கேவலம். சவரிராயன் பேசுவான், இவர் மூக்கை வேறு பக்கம் வைத்துக்கொண்டு காதை மட்டும் கொடுப்பார். எந்தப் பிணத்துக்கு எந்தப் பாட்டு, பணக்காரப் பிணத்தின் சொந்தக்காரன் வாசிக்கிறவனுக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டான், ஏழைப் பிணத்தின் சொந்தக்காரன் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுவான், இப்படி. அவன் வராத ஒரு தடவை பெஞ்சு வெறிச்சென்று இருந்ததும், இவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததும் இவருக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீர் கேன். திரும்பு. பியூலா சிஸ்டர் கையில் கடிகாரத்தோடு நிற்கிறாள், “நல்லா நடக்கீங்க அய்யா” என்கிறாள், நன்றாகத்தான் நடக்கிறார், அதுதான் பிரச்சினை. ஒரு மாதத்துக்கு முன்னால் பாதி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர். கால் பொதுபொதுவென்று வீங்கி, விரலால் அமுக்கினால் பணியாரக் குழி மாதிரி பள்ளம் விழுந்து, அது எழும்ப நேரம் எடுத்துக்கொள்ளும். அதை அமுக்கி அமுக்கிப் பார்ப்பதில் ஓர் அருவருப்பும் அந்த அருவருப்பில் ஒரு ருசியும் இருந்தது. நெஞ்சுக்குள் கோழை கொழகொழவென்று ஓடும். தன் உடம்பே ஒரு நாறின அடுப்படி மாதிரி, மேலே வெள்ளை வேட்டி, உள்ளே ஊசிப்போன பண்டம். ஊரையெல்லாம் சோதனை போட்டவனுக்கு இதை யார் வந்து சீல் வைத்துப் பூட்டுவது? படுக்க முடியாது. படுத்தால் தண்ணீருக்குள் இழுத்த மாதிரி மூச்சு முட்டும். சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம், அதுவும் தூக்கமா, தலை தொங்கித் தொங்கி விழித்துக்கொள்வது. புது மருந்து ஒன்று வந்திருக்கிறது, இன்னும் கடைக்கு வரவில்லை, சேர்ந்துகொள்கிறீர்களா என்று டாக்டர் கேட்டபோது சரி என்றார். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே செய்த மாவு. யாருக்கு எது என்று தின்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, அப்படி இருந்தால்தான் நிஜம் தெரியும் என்றார் டாக்டர். இவருக்கு அது பிடித்திருந்தது. சாம்பிள் எடுத்து சீல் வைக்கும் வேலை செய்தவருக்கு அதில் ஓர் அழகு தெரிந்தது. சீல் வைத்த சாம்பிளில் கை வைக்கிறவன் கையை வெட்ட வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தவர்தான்.

கை வைத்தது யார் என்று கேட்டால், முதலில் சொன்னது அவன்தான். அவன்தானே சொன்னான்? ஆமாம், அவன்தான். அதைப் பிடித்துக்கொண்டு இந்தக் கூம்பு வரை போகலாம். சவரிராயனுக்கு மாதா மாதம் தேறியது. மறுபடி டிரம்பெட்டை எடுத்து ஒரு வரி ஊதிப் பார்த்ததாகச் சொன்னான். இவருக்குத் தேறவில்லை. போன தடவை இதே வராந்தாவில் அவன் தன்னை முந்திக்கொண்டு போவதைப் பார்த்தபோது, அந்த வெற்றிலைக் குதப்பலும் சுண்ணாம்பு விரலும் தன்னைவிட அதிக நாள் இந்த உலகத்தில் இருக்கப் போகின்றன என்ற எண்ணம் புளித்த ஏப்பமாக மேலே வந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் சவரிராயன் குரலைத் தணித்துக்கொண்டு, “அய்யா, கோவப்படாதிய. எனக்கு மாத்திரை கேக்கு, ஒங்களுக்குக் கேக்கல. எனக்கு மருந்து, ஒங்களுக்கு மாவு. அப்படித்தான் இருக்கும். ரெண்டு டப்பாவையும் கைலேஞ்சியில கொட்டிக் கலக்குவோம். ஆளுக்குப் பாதி. அரை மருந்தாவது ஒங்களுக்குப் போவட்டும், எனக்கு அரையே போதும்” என்றான். பெரிய கைலேஞ்சி ஒன்றை எடுத்து பெஞ்சில் விரித்தான். மூக்குச் சிந்தின கைலேஞ்சியா, முகம் துடைத்த கைலேஞ்சியா, ஆண்டவருக்குத்தான் தெரியும். விரித்துவிட்டு, ஒண்ணுக்குப் போய்ட்டு வாரேன் என்று எழுந்து போனான், இரண்டு டப்பாவையும் இவர் பக்கத்தில் வைத்துவிட்டு. நம்பி வைத்துவிட்டு.

நகத்தால் சுரண்டினால் போதும். ஊர்ப்பட்ட மஞ்சள்தூளையும் மல்லித்தூளையும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். தன் மாத்திரையைச் சுரண்டி நாக்கில் வைத்தார்: சுண்ணாம்புக்கட்டி மாதிரி, மாவு மாதிரி, ஒன்றுமில்லாத ருசி. இத்தனை மாதம் இந்த ஒன்றுமில்லாததையா ஆண்டவனே என்று தண்ணீர் ஊற்றி விழுங்கினோம்? அவன் மாத்திரையைச் சுரண்டினார். கசந்தது. நாக்கின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வேப்பங்கொட்டையைக் கடித்த மாதிரி கசந்தது. சவரிராயன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பி வரும்போது அந்தக் கசப்பு இன்னும் வாய்க்குள் இருந்தது. அப்போது சொன்னதுதான். அதை நினைத்தால் காது சுடுகிறது. “கலக்கதெல்லாம் வேண்டாம் ஓய். ஒம்ம கையும் கைலேஞ்சியும். எனக்குக் கொமட்டும். டப்பாவையே மாத்திக்குவோம். இந்த மாசம் ஒம்மது எனக்கு, என்னது ஒமக்கு. அடுத்த மாசம் திருப்பிக்குவோம். கணக்கு ஒண்ணுதான.” கணக்கு ஒன்றா? பாதி தருகிறேன் என்றவனிடம் முழுசையும் வாங்கிவிட்டு, கணக்கு ஒன்று. அவன் மருந்து எது என்று ஊகத்தில் பேசினான், இவர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசினார். அவன் முகத்தில் அந்தச் சொல் பட்டது தெரிந்தது, கொமட்டும் என்ற சொல். கைலேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தான். “ஒங்களுக்கு அருவருப்பு, எனக்குத் தெரியாதா? நான் ஒரு கிறுக்கன்” என்று சிரித்தான். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். வேலி மேய்ந்தது மட்டுமில்லை, பயிர் நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு மேய்ந்தது.

திரும்பு. வெளிவாசல் பக்கமிருந்து யாரோ வாந்தி எடுக்கும் சத்தம், ஒரு குழந்தை அழுகிறது, டிபன் பாத்திரத்தில் இட்லி அவிந்த புளிப்பு வாடை. எல்லாம் நாறுகிறது, ஆனால் மூச்சு போகிறது, வருகிறது. அதை என்ன செய்வது? அந்த டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பாலித்தீன் பையில் போட்டார், மூடியில் இருந்த சுண்ணாம்பைத் தொடாமல் துணியால் பிடித்துத் திறந்தார், ஸ்பூனால் மாத்திரையை எடுத்தார். முதல் வாரத்திலேயே கால் வடிந்தது. அப்புறம் ஒரு தலையணையை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், ஒரு நாள் மல்லாந்து படுத்தார். விடிந்துவிட்டது! முதுகு முழுக்கப் பாயில் பட்டுக் கிடந்தது, சிவகாமி பயந்துபோய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாளாம். மல்லாந்து படுப்பதில் என்ன இருக்கிறது என்று படுக்க முடிகிறவர்களுக்குத் தெரியாது. அதைப் போல ஒரு சொர்க்கம் இல்லை. அந்த ஒரு மாதமும் சவரிராயன் எப்படித் தூங்கியிருப்பான் என்று ஒரு தடவை யோசித்தார், யோசித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் வரும்போது வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்: ஓய், மாத்தி மாத்திச் சாப்பிட்டா உடம்புக்கு ஆவாது, இன்னும் ஒரு மாசம் இப்படியே ஓட்டுவோம். ஆய்வாளர் குரலில் சொன்னால் அவன் தலையாட்டிவிடுவான். அதற்கு இப்போது அவசியம் இல்லை. தலையாட்ட ஆள் இல்லை. சீ.

ஆகவே விஷயம் இதுதான், சுற்றி வளைத்து எங்கே போனாலும் கூம்பு மாதிரி இங்கேதான் நிற்கிறது. கவரைப் பிரித்தால் சவரிராயன் பெயருக்கு நேரே மருந்து என்று இருக்கும். இருக்கும், கசந்ததே. மருந்து உடம்பில் இருக்கிறது என்று அந்த ஊசியைப் போட மாட்டார்கள். ஆனால் அவன் உடம்பில் மருந்து இல்லை, மாவுதான் இருக்கிறது, அந்த ஊசி ஒன்றுதான் அவனைத் தூக்கும். மருந்து இங்கே நடந்துகொண்டிருக்கிறது, தண்ணீர் கேனுக்கும் கண்ணாடிக் கதவுக்கும் நடுவில். சொல்லிவிட்டால் சரியாகிவிடும். சொல்லிவிட்டால் என்னை ஆராய்ச்சியிலிருந்து துரத்துவார்கள், அந்த மாத்திரை வேறு எந்தக் கடையிலும் கிடையாது, மறுபடி தலையணை, மறுபடி சுவர், மறுபடி அந்தத் தண்ணீர். அப்புறம் பெயர். இன்ஸ்பெக்டரய்யா என்ற பெயர். ஒருவேளை கசப்புதான் மருந்து என்று எவன் சொன்னான்? மாவுக்கும் கசப்பேற்றியிருக்கலாம், வெள்ளைக்காரன் சாமர்த்தியக்காரன். அப்படியென்றால் கால் எப்படி வடிந்தது? அது உப்பைக் குறைத்ததால் இருக்கலாம். உப்பை எங்கே குறைத்தார், நேற்றுக்கூட நார்த்தங்காய் ஊறுகாய். டாக்டர்களுக்கு ரத்தத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். தெரியாது, தெரிந்தால் கவரை ஏன் பிரிக்கிறார்கள்? இந்தச் சுற்று முடியட்டும், சொல்லிவிடலாம். நடக்கும்போது பேசக்கூடாது. முடிந்ததும் சொல்லலாம். முடிந்ததும் பிரஷர் பார்ப்பார்கள், அதற்கப்புறம். ஊசிப்போன வடையை எண்ணெயில் மறுபடி பொரித்துப் புது வடை என்று விற்கிறவன் இப்படித்தான் கணக்குப் போடுவான், யாரும் கண்டுபிடிக்காவிட்டால் அது நல்ல வடை. எத்தனை பேரை இந்தக் கணக்குக்காக இரண்டு விரலால் தூக்கிப் போட்டிருக்கிறேன்? நாறின மீனைத் தூக்குகிற மாதிரி, வாலைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு. கண்ணாடிக் கதவு. திரும்பு. அவளைப் பார்க்காதே.

“நல்லா நடக்கியளே அய்யா” என்றாள் லூர்தம்மாள். குரலில் பொறாமை இல்லை, அதுதான் தாங்கவில்லை. அவர் திரும்பிப் போய், தண்ணீர் கேனைச் சுற்றி, மறுபடி வந்தார். வராமல் இருக்க வழியில்லை, வராந்தா அப்படி. இந்தத் தடவை அவள் எழுந்து கூம்புக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டாள். கையில் வெள்ளைத் துணியில் கட்டின ஒரு சின்னப் பொட்டணம். சிஸ்டருக்குக் கேட்காமல் தணிவாகச் சொன்னாள். “அய்யா, இத வாங்கிக்கிடுங்க. ஒங்க டப்பா. மாசம் முடிஞ்சி டப்பாவச் சிஸ்டர்ட்ட திருப்பிக் குடுக்கதுக்கு முன்னால மாத்திரணும்லா? அவியளுக்கு முகத்துல குழாய மாட்டிருக்கு, பேச முடியல. ஆனா நேத்து என் கையப் புடிச்சி, மாத்திரையையும் ஒங்களையும் சைகையில காட்டினாவ. எனக்கு வெளங்கிட்டு. டாக்டர் வந்து, மாத்திரைய ஒழுங்காத் தின்னாராம்மான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். ஒங்க பேர இழுக்கல அய்யா, பயப்படாதிய.” அவர் நின்றுவிட்டார். கால் நின்றது தெரியாமல் நின்றார். “சோப்புப் போட்டுக் கழுவித்தான் கட்டிருக்கேன்” என்றாள் அவள். “ஒங்களுக்கு அருவருப்பா இருக்கும்னு அவிய இந்த மாசம் பூரா வெத்தலையே போடல. ஒவ்வொரு தடவையும் கையக் கழுவி, தொடச்சிட்டுத்தான் டப்பாவத் தொட்டாவ. அய்யாவோட சாமானம்லா, சுத்தமாத் திருப்பிக் குடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தாவ.”

பொட்டணம் கையில் இருந்தது. பழக்கதோஷம், மூக்கு தானாகக் குனிந்து மோந்து பார்த்தது. சோப்பு வாசனை. வெற்றிலை இல்லை, சுண்ணாம்பு இல்லை, எச்சில் இல்லை, எந்த ஓட்டல் அடுப்படியிலும் எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் இத்தனை வருஷமாகத் தேடிக் கிடைக்காத சுத்தம், ஒரு பேண்டு வாத்தியக்காரன் வீட்டிலிருந்து வந்திருந்தது. மாவை அவ்வளவு சுத்தமாக வைத்துத் தின்றிருக்கிறான். உமட்டியது. வேறு யாரும் இல்லை அங்கே உமட்டுவதற்கு, அவளும் அவரும்தான்.

“அய்யா, நிக்காதீங்க” என்று அந்தக் கோடியிலிருந்து பியூலா சிஸ்டர் குரல் கொடுத்தாள். “இன்னும் கொஞ்சந்தான். நல்ல தூரம் வந்துட்டீங்க.”

“சிஸ்டர், இங்க வாங்க.”

“பேசக்கூடாது அய்யா.”

“கவர்ல மருந்துன்னு வரும். நம்பாதீங்க. டாக்டர்ட்ட சொல்லுங்க, அந்த ஊசியப் போடச் சொல்லுங்க.” அவர் குரல் வராந்தாவில் ஆய்வாளர் குரலாகத்தான் ஒலித்தது, அதை மாற்றத் தெரியவில்லை. “ஒரு மாசமா அவரு தின்னது என் மாத்திரை. அவரு மாத்திரையத் தின்னது நான். டப்பாவ மாத்திக்கிட்டோம்.”

பியூலா சிஸ்டர் அரை ஓட்டமாக வந்தாள். “என்ன சொல்லுதீங்க? தெரியாம மாறிட்டா?”

தெரியாமல் மாறிவிட்டது என்று சொல்ல அங்கே ஒரு கதவு திறந்துதான் இருந்தது. லூர்தம்மாள்கூட, ஆமா சிஸ்டர், தெரியாம, என்று அதற்குள் ஆரம்பித்துவிட்டாள், அவருக்காக. அவர் தோளில் மாட்டியிருந்த தன் பையை இறக்கித் திறந்தார். டம்ளருக்குக் கீழே பாலித்தீன் பை, அதற்குள் சவரிராயன் டப்பா, மூடியில் ஒரு மாதமாகத் துடைக்கப்படாத சுண்ணாம்பு, விரல் ரேகை விழுந்து காய்ந்தது. “நாக்குல வச்சிப் பாத்தேன்” என்றார். “அவருது கசந்துது, என்னது கசக்கல. அவரு பாதி பாதியாப் பிரிச்சிக்குவோம்னுதான் சொன்னாரு. நான்தான் முழுசையும் வாங்கிட்டேன். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

சிஸ்டர் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் அறிவார். ரொம்ப நன்றாக அறிவார், அது அவருடைய பார்வைதான். உதடு ஒரு பக்கம் கோணி, மூக்கு லேசாகச் சுருங்கி, எத்தனையோ அடுப்படி வாசலில் நின்று எத்தனையோ பேர் மேல் அவர் போட்டது. இந்தப் பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கும் என்று இதுவரை அவருக்குத் தெரியாது. அவள் பாலித்தீன் பையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, தன் உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி உள்ளே ஓடினாள். கடிகாரத்தை நாற்காலியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அது ஆறு நிமிடம் ஆகிவிட்டது என்று கத்த ஆரம்பித்தது. யாரும் அணைக்கவில்லை. லூர்தம்மாள் அவரைத் திட்டவில்லை, அழவில்லை. அவர் கையில் இருந்த பொட்டணத்தை மெதுவாக வாங்கி, டப்பாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அந்த வெள்ளைத் துணியை மட்டும் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு கதவுக்கு நேரே, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் அவசரமாக நடப்பது தெரிந்தது, யாரோ ஒரு மருந்துத் தட்டை நீட்டினார்கள், பச்சைத் திரையை இழுத்துவிட்டார்கள். கோமதிநாயகம் கூம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். விரலில் கவ்வி இன்னும் மாட்டியிருந்தது. இவ்வளவு தூரம் நடந்தும், இவ்வளவு பேசியும், அவருக்கு மூச்சு வாங்கவேயில்லை.